சுக்கான் யார் கையில்?

தனி மனிதன் செய்யும் தவறுக்குப் பொறுப்பாளியைக் கண்டுபிடிப்பது எளிது. திருடியவன் யார், பொய் சொன்னவன் யார் என்று கேட்டால், விரல் நீட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பான். ஆனால் பலர் சேர்ந்து, அதுவும் அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்து, அதன் முடிவாக ஒரு பேரழிவு நேர்ந்தால், அதற்கு யார் பதில் சொல்வது? அறநெறி இறையியலில் இக்கேள்வி பழமையானது. நம் அன்றாட வாழ்விலோ அது என்றும் புதியது.

இதைச் சிந்திப்பதற்கு ஒரு சரக்குக் கப்பலின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது. கொல்லிமலை அடிவாரத்தில், கடலை விட்டு வெகு தொலைவில் இருக்கும் நம் சேந்தமங்கலத்திற்கும் ஒரு கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறையினர் நம் ஊர்களில் தீத்தடுப்பு முறைகளைச் செய்து காட்டித் துண்டறிக்கைகள் வழங்குகிறார்கள் அன்றோ? அந்த ஒரு வாரம் ஏற்படுவதற்குக் காரணமே அக்கப்பல்தான். அதன் பெயர் ‘போர்ட் ஸ்டிகீன்’.

போருக்காகப் பிறந்த கப்பல்

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில், நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அடுத்தடுத்து மூழ்கடித்துக்கொண்டிருந்தன. இழப்பை ஈடுகட்ட, ஒரே அச்சில் வார்த்தாற்போலக் கப்பல்களைக் கட்டித் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. அமெரிக்கா 1941 முதல் 1945 வரை ‘லிபர்ட்டி’ வகைக் கப்பல்கள் 2,710 கட்டியது. அவற்றுள் ஒன்று, வேலை தொடங்கிய ஐந்து நாள்களுக்குள் நீரில் இறக்கப்பட்டது. கனடா நாடும் இத்தகைய கப்பல்களை முந்நூற்றுக்கு மேல் கட்டியது. அவற்றுள் பிரிட்டன் இயக்கியவற்றிற்குப் பழைய கோட்டைகளின் பெயர்களைச் சூட்டினார்கள்.

அப்படி 1942-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் நகரில் கட்டப்பட்டதே ‘போர்ட் ஸ்டிகீன்’. 7,142 டன் கொள்ளளவும், ஏறத்தாழ 134 மீட்டர் நீளமும் கொண்டது. கட்டியது கனடா, கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி பெற்றுக்கொண்டது பிரிட்டன், நிர்வகித்தது ஒரு பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம், சுமந்தது பல துறைகளின் சரக்கு. பிறப்பிலிருந்தே அது பல கைகளுக்கு உரிய கப்பலாக இருந்தது. பலருக்கு உரியது என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதை ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரியவர்கள் அறிவார்கள்.

இரும்புக்குப் பாவம் இல்லை. இதே போன்ற போர்க்காலக் கப்பல்கள் பல, போர் முடிந்தபின் நாடு நாடாகத் தானியம் சுமந்து பசித்தோர் வயிற்றை நிரப்பின. ‘போர்ட் ஸ்டிகீன்’ இரண்டு ஆண்டுகூட முழுமையாக வாழவில்லை. அதற்கு அந்தக் கதி நேர்ந்தது மனிதர் கையால். இன்னும் சரியாகச் சொன்னால், பல மனிதர் சும்மா இருந்த கைகளால்.

பஞ்சும் வெடிமருந்தும்

1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அதன் சரக்கறைகளில் குண்டுகள், கண்ணிவெடிகள், டார்பிடோக்கள் என ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. பிரித்து அடுக்கிய போர் விமானங்களும், 8,90,000 ஸ்டெர்லிங் பவுண்டு மதிப்புள்ள தங்கக் கட்டிகளும் இருந்தன. கப்பல் முதலில் கராச்சிக்கு வந்து சரக்கில் ஒரு பகுதியை இறக்கியது. காலியான இடத்தில் 8,700 பஞ்சுப் பொதிகளை ஏற்றினார்கள். மசகெண்ணெய், மரம், கந்தகம், மீன் உரம் முதலியவற்றையும் ஏற்றினார்கள். வெடிபொருளும் பஞ்சும் ஒரே கப்பலில், ஒரே சரக்கறையின் மேலும் கீழுமாக அமைந்தன.

பருத்தி ஏலமும் நூற்பாலைகளும் உள்ள நம் பகுதியினருக்குப் பஞ்சின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. இறுகக் கட்டிய பொதியில் ஒரு பொறி விழுந்தால், வெளியே சுவாலை தெரியாமல் உள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஊற்றும் நீர் உள்ளே இறங்காது. நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவரை அழைத்து, பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்துப் பெட்டிகளையும் சேர்த்து ‘லோடு’ ஏற்றச் சொல்லுங்கள். சாவியை நம் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடுவார். சமையல் எரிவாயு டேங்கர் ஓட்டும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தப் பாடம், கராச்சியில் இருந்தவர்களுக்கும் தெரிந்தேயிருந்தது. ஆயினும் போர்க்காலம், பம்பாய்க்குப் போக வேண்டிய பஞ்சு காத்துக்கிடந்தது, வேறு கப்பல் இல்லை. தலைவர் நெய்ஸ்மித்துக்கு இந்தச் சரக்கு உவப்பாக இல்லை. என்றாலும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஏப்ரல் 12-ஆம் நாள் கப்பல் பம்பாய் விக்டோரியா கப்பல்துறைக்குள் வந்து நின்றது. வெடிபொருள் சுமந்த கப்பல்களை ஊருக்கு அருகே கொண்டுவரக்கூடாது என்ற பழைய விதி, போரின் அவசரத்தால் தளர்த்தப்பட்டிருந்தது. அபாயச் சரக்கு உண்டு என்பதைக் காட்டும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. வந்து இரண்டு நாளாகியும் வெடிபொருளின் பெரும்பகுதி கப்பலிலேயே இருந்தது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. நண்பகல் உணவு வேளையில், அருகில் நின்ற கப்பல்களில் இருந்த சிலர் ‘போர்ட் ஸ்டிகீன்’ கப்பலின் 2-ஆம் சரக்கறைப் பக்கமாக மெல்லிய புகை எழுவதைக் கண்டார்கள். அக்கப்பலில் இருப்பவர்கள் கவனிக்காமலா இருப்பார்கள் என்று எண்ணித் தம் வேலையைப் பார்த்தார்கள். பிற்பகல் இரண்டு மணியளவில் சுமைத் தொழிலாளர்கள் கண்டு கூவிய பிறகே எச்சரிக்கை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து நூற்றுக்கணக்கான டன் நீரைச் சரக்கறைக்குள் பாய்ச்சினார்கள். எரியும் பஞ்சு அந்நீரில் மிதந்து, மேலே இருந்த வெடிபொருளை நோக்கி உயர்ந்தது.

கரையில் ஆலோசனை நடந்தது. கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிட வேண்டும் என்றார் ஒருவர். கடலுக்கு இழுத்துச் செல்லலாம் என்றார் மற்றொருவர். தீயை அடக்கிவிட முடியும் என்று வேறொருவர் நம்பினார். மூவரும் தத்தம் துறையில் வல்லவர்களே. ஆயினும் “இதுதான் முடிவு” என்று ஆணையிடும் அதிகாரம் எவரிடமும் முழுமையாக இல்லை. மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்திற்குள் இரண்டாம் முறையும் வெடித்தது. துறைமுகக் கடிகாரம் நின்றுபோயிற்று. அந்த அதிர்வு ஆயிரம் மைலுக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியிலும் பதிவாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. மாண்டவர்கள் எண்ணூறு பேர் முதல் ஆயிரத்து முந்நூறு பேர் வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். செய்தியைத் தணிக்கை மூடி மறைத்தது. முதலில் உலகுக்குச் சொன்னது ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி. இந்தியச் செய்தித்தாள்கள் முழு விவரத்தையும் எழுதுவதற்கு மே மாதம் பிறக்க வேண்டியிருந்தது.

நானா பொறுப்பு?

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் லியோனார்டு ஸ்டோன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டே தீக்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. ஆனால் ஒரு சிகரெட் துண்டு மட்டும் ஒரு நகரத்தை எரித்துவிடாது. அது விழுவதற்கு முன்பே பாதை செப்பனிடப்பட்டிருந்தது.

அவர்கள் ஒவ்வொருவரையும் நம் முன் நிறுத்திக் கேட்பதாகக் கற்பனை செய்து பார்ப்போம். “எனக்கு மேலிடத்து ஆணை வந்தது, ஏற்றினேன்” என்பார் கராச்சி அலுவலர். “நான் விரும்பவில்லை, ஆனால் மறுக்க எனக்கு உரிமை இல்லை” என்பார் தலைவர். “விதியைத் தளர்த்தியது நான் அல்லேன்” என்பார் துறைமுகத்தார். “என் வேலை நீர் பாய்ச்சுவது, பாய்ச்சினேன்” என்பார் தீயணைப்பு அதிகாரி. “அது பக்கத்துக் கப்பல்” என்பார் புகையைக் கண்டவர். இவற்றுள் ஒன்றுகூடப் பொய் இல்லை. இத்தனை உண்மைகளும் சேர்ந்து நின்றும் ஆயிரம் பேர் மாண்டதைத் தடுக்கவில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ், செயல் ஏதும் செய்யாமலே ஒருவன் ஒரு விளைவுக்குக் காரணமாக முடியுமா என்று ஆராயும் இடத்தில் கப்பலைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். சுக்கான் பிடிப்பவன் தன் வேலையை விட்டுவிட்டதால் கப்பல் மூழ்கினால், மூழ்கியது அவன் மீதே சாரும் என்கிறார். உடனே இரு நிபந்தனைகளையும் சேர்க்கிறார்: அவனால் அது இயன்றிருக்க வேண்டும், அது அவன் கடமையாகவும் இருந்திருக்க வேண்டும். சுக்கான் அவனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்றால் குற்றம் அவனைச் சாராது.

இது நீதியான வரையறை. ஆனால் பம்பாயில் இருந்த அனைவருக்கும் இதுவே கவசமாகவும் அமைந்துவிடுகிறதே! சுக்கான் என் கையில் இல்லை என்று ஒவ்வொருவரும் மெய்யாகவே சொல்லலாம். அப்படியானால் பொறுப்பு எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிட்டதா?

இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் கப்பல் முழுவதையும் திருப்பும் சுக்கான் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு சுக்கான் இருந்தது. புகையைக் கண்டவருக்கு வாய் இருந்தது. தலைவருக்கு ஒரு கொடிக்கம்பம் இருந்தது. கராச்சியில் இருந்தவருக்குப் பஞ்சை வேறு சரக்கறைக்கு மாற்றிவைக்கும்படி கேட்க ஒரு தாளும் பேனாவும் இருந்தன. அவர்களிடம் எது இருந்ததோ அதற்கே அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். தாலந்து உவமையில் ஐந்து பெற்றவரிடம் ஐந்துக்கும், ஒன்று பெற்றவரிடம் ஒன்றுக்குமே கணக்குக் கேட்கப்பட்டது. ஒன்று பெற்றவர் அதைத் தொலைக்கவில்லை, புதைத்து வைத்தார். அதுவே அவர் குற்றமாயிற்று.

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1984-இல் வெளியிட்ட ஒப்புரவு பற்றிய மடலில் இதையே வேறு கோணத்தில் விளக்குகிறார். சமூகப் பாவம் என்பது எவருக்கும் உரிமையில்லாத ஆவி போன்றதன்று. அது தனி மனிதர் பலருடைய பாவங்களின் திரட்சி. தீமையைத் தடுக்கவோ குறைக்கவோ இயன்றும், சோம்பலாலோ அச்சத்தாலோ மௌனத்தாலோ வாளாவிருந்தவர்களையும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். திருப்பலித் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு, செய்தவற்றை மட்டுமன்றிச் செய்யத் தவறியவற்றையும் அறிக்கையிடுவதன் பொருளும் இதுவே.

இரண்டு மறுப்புகள்

“போர்க்காலத்தில் வேறென்ன செய்ய முடியும்?” என்று ஒரு மறுப்பு எழலாம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பர்மா எல்லையில் படைகள் போரிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாள் தாமதமும் உயிர்களை விலையாகக் கேட்டது. கப்பலைத் துறைக்குள் கொண்டுவந்ததை அவசியம் என்று ஏற்றுக்கொள்வோம். ஆனால் சிவப்புக் கொடி ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தீ நேர்ந்தால் முடிவெடுப்பவர் இன்னார் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதால் எந்தப் படை பின்னடைந்திருக்கும்? அவசியம் ஒரு வேலியை அகற்றும்போது, அகற்றிய இடத்தில் ஒரு காவலாளியை நிறுத்த வேண்டும். வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை என்றால், அங்கே அவசியம் என்ற பெயரில் அசட்டை குடிபுகுந்துவிடுகிறது.

“எல்லாரும் குற்றவாளி என்றால் எவருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா?” என்பது இரண்டாவது மறுப்பு. பொறுப்பை ரொட்டித் துண்டுபோல நினைப்பதால் வரும் மயக்கம் இது. ரொட்டியைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்தில் ஒன்றுதான் கிடைக்கும். பொறுப்பு அப்படிப்பட்டதன்று. கூட்டுறவுச் சங்கத்தில் நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள். மூவர் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குத்தானே என்று சங்கம் விட்டுவிடுமா? மற்ற இருவரும் கைவிரித்தால் முழுத் தொகைக்கும் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மனச்சான்றும் அப்படித்தான் வந்து கதவைத் தட்டும். தண்டனையை நீதிமன்றம் அளந்து பிரித்துக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இறைவன் முன் பதில் சொல்லும் கடமை, உடன் நிற்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துச் சுருங்குவதில்லை. பிலாத்து கை கழுவியபோது அவனைச் சுற்றி ஒரு பெருங்கூட்டமே இருந்தது.

கேட்காமல் சென்றவர்கள்

அதே நாளில், அதே இடத்தில், வேறு விதமாக நடந்தவர்களும் இருந்தார்கள். தீயணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் அங்கே உயிர் துறந்தார்கள். பஞ்சை ஏற்றியவர்கள் அவர்கள் அல்லர். விதியைத் தளர்த்தியவர்களும் அல்லர். “இது யார் செய்த தவறு?” என்று கேட்க எல்லாரையும்விட அவர்களுக்கே உரிமை இருந்தது. அவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு கப்பலின் மேல் ஏறினார்கள். நம் நாடு ஏப்ரல் 14-ஐத் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது அவர்களுக்காகத்தான்.

இன்னொரு நிகழ்ச்சியும் பதிவாகியுள்ளது. வெடித்துச் சிதறிய தங்கக் கட்டிகளுள் ஒன்று, ஒரு மைலுக்கு மேல் பறந்துபோய், பார்சி இனப் பெரியவர் ஒருவரின் வீட்டுக் கூரையைத் துளைத்து விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. யாருடைய தங்கம் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் அதை உரியவரிடம் சேர்ப்பித்தார். கிடைத்த வெகுமதிப் பணத்தையும் துயர் துடைப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டார். உரிமை யாருக்கு என்று தெரியாத பொருளை என்னுடையது என்று சொல்ல மனிதர் தயங்குவதில்லை. உரிமை யாருக்கு என்று தெரியாத கடமையை என்னுடையது என்று சொல்லத்தான் தயங்குகிறார்கள். அந்தப் பெரியவரும் அந்த வீரர்களும் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள்.

நம் வாசலில்

அன்பு வாசகரே, இது பம்பாயோடு முடிந்த கதையன்று. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தப் பள்ளி நடப்பதற்கு ஆணைகள் இருந்தன; ஒவ்வோர் ஆணையிலும் யாரோ ஒருவருடைய கையெழுத்து இருந்தது. 2020 ஆகஸ்டு 4-இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவும் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து இறக்கி, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடங்கில் போட்டுவைத்ததே. அபாயம் அங்கே பலருக்குத் தெரிந்திருந்தது. கடிதங்கள் மேசைக்கு மேசை நகர்ந்தன. சரக்கு மட்டும் நகரவில்லை.

அந்தச் செய்தி வந்த பிறகு, நம் சென்னையை அடுத்த மணலியில், 2015-இல் கைப்பற்றப்பட்ட அதே வேதிப்பொருள் ஏறத்தாழ 700 டன் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடப்பது பேசப்பட்டது. மக்கள் கேட்டார்கள், செய்தித்தாள்கள் கேட்டன. ஐந்து ஆண்டுகள் கிடந்த சரக்கைச் சில நாள்களுக்குள் ஹைதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சுக்கான் யார் கையில் இருந்தது? கேட்டவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் இருந்தது.

ஆகவே ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது, “நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை” என்று தேர்வை முடித்துக்கொள்ளாதிருப்போம். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியை நாள்தோறும் குனிந்து கடந்து போகிறோம். மூடாத கிணற்றருகே பிள்ளைகள் விளையாடுவதைக் காண்கிறோம். ஏரிக்கரையில் ஒரு நாள் சிறு கசிவைப் பார்க்கிறோம். ஊராட்சி பார்த்துக்கொள்ளும், மின்வாரியம் பார்த்துக்கொள்ளும், பங்குப் பேரவை பார்த்துக்கொள்ளும் என்று நடக்கிறோம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு விலகிப் போன குருவும் லேவியரும் அவரைத் தொடக்கூட இல்லை. அவர்கள் மேல் எந்த வழக்கும் பதிவாகாது. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நற்செய்தி அவர்களை நமக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது.

“இது யார் பொறுப்பு?” என்ற கேள்வி தவறானதன்று. வேறொருவரைத் தேடி அதைக் கேட்பவர், அன்று பக்கத்துக் கப்பலில் நின்று புகையைப் பார்த்தவரின் இடத்தில் நிற்கிறார். நம்மையே நோக்கி அதைக் கேட்டால், நம் கைக்கு எட்டிய அளவில் ஒரு சிறு வேலையாவது தென்படும். ஒரு மனு எழுதலாம். ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யலாம். பலர் நடுவே எழுந்து, “இது சரியில்லை” என்று சொல்லலாம். வரும் ஏப்ரலில் தீயணைப்பு வீரர் ஒருவர் நம் தெருவில் துண்டறிக்கை நீட்டும்போது, அதை வாங்கி வாசித்து, நம் வீட்டிலும் தெருவிலும் எங்கே புகைகிறது என்று தேடிப் பார்ப்போம்.